ஏற்கெனவே வெந்த கல்

போன மாதம் ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றோம், நினைவிருக்கிறதா? எங்கள் வயதுக்காரர் கூடினால் முழங்கால் வலியும் பிள்ளைகளின் வீசாக் கதையும்தான். அன்றைக்கு எங்களில் ஒருத்தி திடீரென்று, "எங்கட காலத்தில பிள்ளையளுக்குப் பொறாமை எண்டால் என்னெண்டே தெரியாது" என்றாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

பொய். எனக்குப் பதினொரு வயதிலேயே நன்றாகத் தெரியும். ஒரு மாரிகாலம் முழுக்க நான் வேறொன்றும் செய்யவில்லை, பொறாமைதான் பட்டேன். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த நாள் முதல் அது உறுத்துகிறது. ஆகவே எழுதிவிடுகிறேன். வாசித்துவிட்டு நீங்களும் ஒப்புக்கொள்வீர்களோ இல்லையோ, அது உங்கள் பாடு.

அப்பா துறைமுக வேலைக்குக் கல் உடைக்கும் குவாரியை மேற்பார்க்கும் ஓவசியர். வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய் நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில், குசினி யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும். நான் ஒரே பிள்ளை. அப்பாவின் காக்கிக் காற்சட்டைப் பையில் எந்த நாளும் ஒரு கல் இருக்கும். பை கிழிந்து கிழிந்து அம்மா தைத்துக் களைத்துப் போவா. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன் அப்பா அந்தக் கல்லை எடுத்து என் கையில் வைப்பார். கண்ணாடி போன்ற படிகக்கல், நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உரியும் காக்காய்ப்பொன், விரலைக் கறுப்பாக்கும் காரீயம். எல்லாவற்றையும் யன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய சொத்து ஒன்றும் எனக்கிருந்தது. குவாரியில் வெடி வைக்கும் முன் சிவப்புக் கொடி ஏறும், ஆட்கள் ஒதுங்குவார்கள். வெடித்து, தூசி அடங்கியதும் அப்பா தனியாக நடந்து போய், எல்லா வெடியும் வெடித்துவிட்டதா என்று குழி குழியாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கையை உயர்த்துவார். அப்போது நீளமாக ஒரு விசில் ஊத வேண்டும், இனி ஆபத்தில்லை, வரலாம் என்று. சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும் நான்தான் அந்த விசிலை ஊதுவேன். கடற்படைக்காரர் யாரோ விட்டுவிட்டுப் போன பித்தளை விசில் அது. நான் ஊதினால்தான் முப்பது ஆம்பிளைகள் எழும்பி வேலைக்கு வருவார்கள். உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு அதிகாரம் இருந்திருக்காது என்று நம்பினேன்.

அந்த வருஷம் மழை தொடங்கும் நேரம் எனக்குக் கொப்புளிப்பான் வந்தது. வேப்பிலையோடு படுத்திருந்தேன். அப்பா நாலு நாள் வீட்டில் இல்லை. "வேலை" என்றா அம்மா. வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. பையில் கல்லும் இல்லை.

எனக்குச் சுகமாகி இரண்டு கிழமை போனது. மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் அப்பா ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈச்சிலம்பற்றில் இருக்கிற மாமியின் மகள், என்னுடைய மச்சாள். என்னைவிட ஒரு வயது மூப்பு. ஒரு தகரப் பெட்டி, அதற்கு மேல் பழைய சாரத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பெட்டியை அப்பாவிடம் கொடுத்தாள், பொட்டலத்தைக் கொடுக்கவில்லை.

"இனி இவ இஞ்ச இருந்துதான் படிப்பா" என்றா அம்மா என்னிடம். "அவட அப்பா தூரத்தில வேலைக்குப் போயிட்டார். அதைப் பற்றி ஒண்டும் கேளாத. விளங்கிச்சோ?"

விளங்கியது. என் கட்டிலில் பாதி போனது. என் சீப்பு, என் குடை, சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை, எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. "பாவம், அவளுக்கு விட்டுக் குடு" என்று சொல்லியே அம்மா எடுத்துக் கொடுத்தா. ஏன் பாவம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தகப்பன் தூரத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு யாரும் குடை கொடுக்கவில்லை.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கேட்டதற்கு "ஓம்", "ஏலாது" என்று மட்டும் பதில். பெரிய இடத்துப் பிள்ளை என்ற நினைப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் தானாகவே அந்தப் பொட்டலத்தைக் கொண்டு வந்து மேசையில் அவிழ்த்தாள். உள்ளே ஒரு கல். அப்பாவின் உள்ளங்கை அளவு. கறுப்பும் வெள்ளையுமான கோடுகள், அவற்றுக்கு நடுவே சிவப்பு மணிகள். பெரியது கொண்டைக்கடலை அளவிருக்கும். யன்னல் வெளிச்சம் பட்டதும் மாதுளை முத்தாகத் தெரிந்தது. என் யன்னல் விளிம்பில் இருந்த அத்தனை கல்லும் அந்த நிமிஷத்திலேயே வெறும் கல்லாகிவிட்டன.

"கெம்பு!" என்றா அம்மா, ஒரு தோட்டுக்கு எத்தனை கல் தேறும் என்று பார்க்கிற கண்ணோடு.

"கெம்பு இல்ல, கார்னெட்" என்றார் அப்பா. கல்லைக் கையில் வாங்கினார். குவாரியில் தினமும் கல் பார்க்கிற மனிதர் அதை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "எத்தினை ஆழத்தில?"

"பதினெட்டு முழம், மாமா. கிணத்தடியில. மேல மண், பிறகு சுக்கான்கல், பிறகு வெள்ளையா உதிருற கல்லு. அதுக்குக் கீழதான் இது."

பிறகு அப்பா சொல்லத் தொடங்கினார். கொழும்பிலிருந்து குவாரிக்கு வந்த கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அவருக்குச் சொன்ன கதை. எனக்கு ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

"இது முந்திச் சேறு. கடலடியில கிடந்த சேறு. அதுக்கு மேல மண் விழுந்து விழுந்து மைல் கணக்கில ஆழத்துக்குப் போயிட்டுது. கீழ சூடு, மேல பாரம். ஆனா உருகேல்ல. உருகியிருந்தா வேற கல்லு. கல்லாக் கிடக்கேக்கையே, உள்ளுக்க இருந்த இரும்பும் மற்றதும் மெல்ல மெல்ல இடம் மாறி, ஒண்டு சேந்து, இந்த மணியா விளைஞ்சிருக்கு. எத்தினையோ கோடி வருஷம். மேல இருந்த மலை எல்லாம் மழையில கரைஞ்சு போனபிறகுதான் இது எங்கட கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்திருக்கு."

"இந்தக் கறுப்புக் கோடு?" என்று நான் இடையில் புகுந்தேன்.

"அது காக்காய்ப்பொன். பாரம் அமத்த அமத்த எல்லாம் ஒரே பக்கமாப் படுத்திட்டுது."

"அப்பா சொல்லுறவர்" என்றாள் மச்சாள், "கோடு ஓடுற பக்கமா உளியை வச்சா லேசாப் பிளக்கும், குறுக்கால வச்சா உளிதான் உடையும் எண்டு."

அப்பா கல்லைத் திருப்பிக் கோட்டின் மேல் பெருவிரலை ஓட்டினார். "உன்ர அப்பா சரியாத்தான் சொன்னவர்" என்றார் பிறகு. கண் கலங்கியிருந்தது. தேத்தண்ணிக்கு இஞ்சி கூடிவிட்டது என்று நினைத்தேன். "இஞ்ச பார், கோடெல்லாம் மணிக்குக் கிட்ட வந்த உடன வளைஞ்சு சுத்திப் போகுது. மணி வளரேக்க மற்றதுகள் விலகி இடம் விடத்தானே வேணும்."

இதைச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார். விலகி இடம் விட வேண்டியது யார் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. அன்றிலிருந்து அப்பாவின் காற்சட்டைப் பையிலிருந்து வந்த கற்கள் முதலில் மச்சாளின் கைக்குப் போயின. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில மணி இல்ல மாமா" என்று சொன்ன பிறகுதான் என் கைக்கு வரும். தட்டில் மிஞ்சியதை எனக்குப் போடுகிறார்கள் என்று வயிறு எரிந்தது.

சனிக்கிழமை மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு சனி அம்மா, "மச்சாளையும் கூட்டிக்கொண்டு போ" என்றா. அப்பாவும் மறுக்கவில்லை. அன்றைக்கு வெடி இல்லை என்று நினைத்திருந்தாராம். ஆனால் முதல்நாள் மழையால் வைக்காமல் விட்ட மூன்று வெடி மீதி இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொடி ஏறிவிட்டது. எங்களைத் தகரக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். விசில் என் கழுத்தில். மச்சாளுக்குக் காட்டப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வெடித்தது. மச்சாள் அசையவில்லை. எல்லோரும் வெடிக்கு முன் பயப்படுவார்கள். அவள் பயந்தது வெடித்து முடிந்த பிறகு. அப்பா வழக்கம் போலத் தனியாக எழும்பி, குழிகளைப் பார்க்க நடக்கத் தொடங்கியதும் அவள் கொட்டிலை விட்டுப் பாய்ந்தாள். "போகாதேங்க மாமா! போகாதேங்க! கிட்டப் போகாதேங்க!" கற்களில் விழுந்து எழும்பி ஓடி அப்பாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். முழங்கால் எல்லாம் இரத்தம். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் பையில் வைத்தார்.

"இனி ரெண்டு பேரும் இஞ்ச வர வேண்டாம்."

"நான் என்ன செய்தனான்?" என்றேன்.

"கதையாத, வா."

என்ன நடிப்பு என்று நினைத்தேன். என் விசிலைப் பறிக்கத்தான் இந்த நாடகம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பாவின் தோளில் தொங்கிய அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் அப்பாவின் தோளில் ஏறி மூன்று வருஷம் இருக்கும்.

எனக்கும் ஒரு மணிக்கல் வேண்டும் என்று அதன் பிறகு வெறி பிடித்தது. சேறும் சூடும் பாரமும்தானே? துறைமுகக் கரையில் சேறு எடுத்து ஒரு பால்மாத் தகரப் பேணியில் திணித்து மூடி, குசினி அடுப்புக்குள் சாம்பலில் புதைத்தேன். பாரத்துக்கு மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். கோடி வருஷத்துக்குப் பதில் ஒரு நாள் தருவதாக எனக்குள் ஏற்பாடு. மத்தியானம் அம்மா சோறு வைக்கும்போது பேணி வெடித்து, சோற்றுப் பானை சரிந்தது. உள்ளே இருந்தது நாறுகிற ஒரு செங்கட்டி. எனக்கு இரண்டு அடி விழுந்தது. மச்சாள் சரிந்த சோற்றை அள்ளிக்கொண்டே அந்தக் கட்டியை எடுத்துப் பார்த்து, "மூடாமல் விட்டிருக்க வேணும், ஆவி போக வழியில்ல" என்றாள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள். அவளைக் கொல்லலாம் போல இருந்தது.

நத்தார், பாலன் பிறந்த பெருநாள், நெருங்கியது. எங்கள் பக்கத்தில் நத்தாருக்கு முதல் கிழமை வீடுகளுக்கு வெள்ளையடிக்காமல் யாரும் இருக்கமாட்டார்கள். மலையிறங்கினால் கரையில் ஒரு சுண்ணாம்புச் சூளை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் சூளைக் காக்கா என்றுதான் ஊரே கூப்பிடும். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை ஒரு அடுக்கு, விறகு ஒரு அடுக்கு என்று ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கொளுத்துவார். மறுநாள் வெந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு பூத்து, கண் முன்னாலேயே வெள்ளை மாவாக உதிரும். இரும்பு போன்ற கல் கைப்பிடி மாவாவதைப் பார்க்க நாங்கள் எல்லோரும் போய் நிற்போம். நீங்களும் நின்றிருக்கிறீர்கள்.

கல் என்றால் கல்தானே? எந்தக் கல்லும் சூளைக்குள் போனால் மாவாகும் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

காக்காவிடம் சுண்ணாம்பு சொல்லிவிட்டு வரும்படி அம்மா அனுப்பிய நாளில், மச்சாளின் தலையணைக்குக் கீழிருந்த கல்லை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனேன். காக்கா சூளையை அடுக்கி முடித்திருந்தார். "நில்லுங்க மகள், அசர் தொழுதிட்டு வாறன், வந்துதான் நெருப்பு வைக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சூளையின் மேல் ஏறினேன். இரண்டு முருகைக்கல்லை விலத்தி, கல்லை உள்ளே இறக்கி, திரும்ப மூடினேன். கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததால்தான் போட்டேன்.

மறுநாள் சுண்ணாம்பு வாங்கப் போனபோது அரிதட்டுக்குக் கீழே மலை போல வெள்ளை மாவு. எங்கும் சிவப்பு இல்லை. அந்த மாவைத்தான் அம்மா கரைத்து வீடு முழுக்க அடித்தா. மச்சாளின் கல் எங்கள் சுவரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, படுக்கையில் கிடந்தபடி சுவரைத் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் மச்சாள் தலையணையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொட்டினாள், கட்டிலை இழுத்தாள், கிணற்றடிச் சாக்கடை வரைக்கும் கை விட்டுத் துழாவினாள். வந்த நாள் முதல் அழாத பிள்ளை குசினி வாசலில் இருந்து விக்கி விக்கி அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. அரை நாள் இருந்தது. பிறகு இல்லை.

அடுத்த நாள் வேலையால் வந்த அப்பா, "கல்லோ? நான்தான் எடுத்துக்கொண்டு போனனான். கொழும்பிலயிருந்து வந்தவர் பாக்க வேணும் எண்டவர். வரும், அழாத" என்றார் அவளிடம். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை. ஒரு கிழமை முழுக்க அவர் இருட்டுப்படும் நேரத்தில் சேறும் சகதியுமாக வந்தார். என்னோடு பேசினார், சிரித்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நத்தாருக்கு முதல்நாள் கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து மச்சாளின் கையில் கல்லை வைத்தார்.

அதே அளவு. அதே கோடு. அதே சிவப்பு. "கழுவிக் குடுத்தவங்கள்" என்றார்.

நெருப்பு வைக்கும் முன்னமே காக்கா எடுத்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்படியென்றால் யார் போட்டது என்றும் அப்பாவுக்குத் தெரியும். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அது அடியைவிட மோசம். என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை, அவளுடைய கல் திரும்பி வந்தால் போதும் என்று விளங்கிக்கொண்டேன்.

நத்தார் காலை மூதூர் லோஞ்சில் மாமி வந்தா. வெள்ளைச் சேலை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை. எனக்கு அப்போதுதான் தெரியும். மச்சாளின் தகப்பன் கிணறு வெட்டுகிறவர். அடியில் பாறை தட்டியதால் வெடி வைத்திருக்கிறார். வெடிக்கவில்லை. நனைந்துவிட்டதாக்கும் என்று காத்திருந்துவிட்டு, பார்க்க இறங்கியிருக்கிறார். அதற்கு முன் வாளியில் மேலே வந்த கடைசிக் கல் அது. மகளுக்கென்று பேர் சொல்லி அனுப்பிய கல். கொப்புளிப்பானோடு கிடந்த பிள்ளைக்குச் சாவுக் கதை வேண்டாம் என்று எனக்கு மறைத்தார்கள். பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறைத்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் அதைப் பேசாதே என்று மச்சாளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். பெற்ற தகப்பன் செத்த பிள்ளையை, எனக்குப் பயமாக இருக்கும் என்று வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் நல்ல மனிதர். நல்ல மனிதர் செய்த பிழை இது.

அன்றைக்கே போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கல்தான் திரும்பி வந்துவிட்டதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், முகத்தைச் சுளிக்காதீர்கள். பூசையில் எல்லோரும் மச்சாளையும் மாமியையும் கட்டிப் பிடித்து அழுதபோது, எனக்கு அதிலும் பொறாமை வந்தது.

மச்சாள் எங்கள் வீட்டில் ஐந்து வருஷம் இருந்து படித்தாள். பிறகு கலியாணம் செய்து மட்டக்களப்புப் பக்கம் போனாள். அந்தக் கல்லை எங்கள் யன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவ்வளவு உயிராக இருந்த கல்லை ஏன் விட்டுப் போகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. திமிர் என்று மட்டும் நினைத்தேன்.

அப்பா செத்தபோது எனக்கு முப்பது வயது. மச்சாளுக்குச் செய்தி பிந்திக் கிடைத்து, பெட்டி மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து ஆட்கள் போனதும் நாங்கள் இருவரும் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். களைப்பும் துக்கமுமாக இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பாக்கு என்னைவிட உன்னிலதான் பட்சம்" என்றேன். "நெருப்புக்க போன கல்லையே உனக்கு எடுத்துத் தந்தவரல்லோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மச்சாள் கையிலிருந்த கோப்பையைத் துடைத்து வைத்தாள்.

"அது என்ர கல்லில்ல" என்றாள்.

"என்ன?"

"என்ர கல்லில ஏழு மணி. மாமா தந்ததில அஞ்சு. கையில வாங்கின உடனயே தெரியும். அடுத்த நாள் தனியாப் போய், இது என்ர இல்ல மாமா எண்டனான். நீ கிட்ட நிக்கிறியோ எண்டு பாத்தார். பிறகு சேட்டுப் பையில இருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துத் தந்தவர்."

சுண்ணாம்பை அரிக்கும்போது அரிதட்டின் மேல் மிஞ்சிய கல்லைக் காக்கா கண்டிருக்கிறார். தொழுதுவிட்டு வரும்போது நான் சூளையில் ஏறி நின்றதையும் கண்டிருக்கிறார். புள்ள விளையாட்டு என்று அப்போது பேசாமல் விட்டவர், பிறகு கல்லை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கை பட்டதும் கல் மணலாக உதிர்ந்து போயிருக்கிறது. மணி ஏழும் கொஞ்சம் கறுத்து, மற்றப்படி அப்படியே இருந்தனவாம்.

"ஏற்கெனவே வெந்த கல்லு, மணிக்கு ஒண்டும் நடக்கேல்ல, காக்காட சூளைச் சூடு அதுக்குக் காணாது எண்டு மாமா சொன்னவர்" என்றாள். "பிறகு சொன்னவர், அவளிட்டக் கேட்டுப் போடாத பிள்ளை, எங்களுக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா வெக்கத்தில செத்துப் போவாள் எண்டு."

நான் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன். அவள்தான் பேசினாள், தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டு.

"அந்தக் கிழமை முழுக்க மாமா மழைக்குள்ள மலை மலையாத் திரிஞ்சது எனக்காக எண்டோ நினைச்சாய்? எனக்கெண்டால் அந்த நெருப்புப் பெட்டியை முதல் நாளே தந்திருக்கலாமே. உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாது எண்டுதான் அதே மாதிரி ஒரு கல்லுத் தேடினவர். நான் எப்பிடி எரிஞ்சனான் தெரியுமோ? எனக்காகப் பொய் சொல்ல ஒரு அப்பா இல்லையே எண்டு."

நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது அது இல்லை. என்னைப் பற்றிய ஒரு இரகசியத்தை என் அப்பாவும் அவளும் இத்தனை வருஷமாகச் சேர்ந்து வைத்திருந்திருக்கிறார்கள், எனக்கு அதில் பங்கில்லை என்பதுதான் முதலில் சுட்டது. வெட்கம் பிறகுதான் வந்தது. வந்து, இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை இருவரும் சவக்காலைக்குப் போனோம். அப்பாவின் பெட்டிக்குள் வைக்கக் கொண்டு வந்த அந்த நெருப்புப் பெட்டியை மச்சாள் திறந்தாள். ஏழு மணி. கறுப்பாகத்தான் இருந்தன. வெயிலுக்குப் பிடித்தால் உள்ளே சிவப்பு தெரிந்தது. சிலுவைக்குக் கீழே மணலை விரலால் விலத்தி ஒவ்வொன்றாகப் புதைத்து மூடினாள். எனக்கு ஒன்று தருவாள் என்று நினைத்தேன். தரவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பாள், கேட்க வாய் வரவில்லை. காற்றுக்கு மெழுகுதிரி அணைந்துகொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கையால் மறைத்துக் கொளுத்தும் நேரத்தில் நான் குனிந்து மணலுக்குள் விரலை விட்டு ஒரு மணியைத் தோண்டி எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

சவக்காலை வாசல் படலையடிக்கு வந்ததும் மச்சாள் நின்றாள். பொத்தியிருந்த என் கையைப் பிடித்து, விரலிலும் நகத்திலும் ஒட்டியிருந்த மணலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கையை விரிக்கச் சொல்லவில்லை.